பெயரை எடுத்த பிறகும் ஆள் தெரியும்: வன்னியில் வாய்மொழிக் கதை தொகுப்பவர்களுக்கு

வன்னியில் இப்போது கதை சேர்க்கிறவர்கள் நிறையப் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், சனசமூக நிலையங்கள், பல்கலைக்கழக மாணவர்கள், வெளிநாட்டில் இருந்து வந்து பதிவு செய்துகொண்டு போகிற எங்கள் பிள்ளைகள். நான் கிளிநொச்சியில் இருந்து அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கி, வெளியே கொடுக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்கிறேன். என்னிடம் வரும் பைல்களில் பெரும்பாலானவற்றின் மேலே ஒரு குறிப்பு இருக்கும்: "பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன." அதைத் திறந்து முதல் பக்கத்தை வாசித்தால், அது எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பிள்ளை என்று எனக்கே தெரிந்துவிடுகிறது.

பெயரை மட்டும் எடுப்பது படலையைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டை விட்டதுபோலத்தான். எங்கள் ஊர்களில் ஆளைக் காட்டிக் கொடுப்பது உறவும் இடமும் நாளும். அதனால், ஒரு தொகுப்பை எப்படித் துப்புரவாக்குவது என்று நான் செய்கிற முறையில் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை. பொறுமை தேவை.

சொன்னவரிடம் முதலில் கேளுங்கள்

எல்லாரும் மறைய விரும்புவதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரை நினைத்துப் பாருங்கள். தன் பிள்ளையின் பெயரும் படமும் உலகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்றுதான் அவர்கள் வெயிலில் இருந்தார்கள். அப்படி ஒரு அம்மாவின் கதையில் இருந்து பிள்ளையின் பெயரை நீங்களாக வெட்டினால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். ஆனால் அதே அம்மா சொன்ன கதையில் பக்கத்து வீட்டுப் பெட்டையும் வருவாள், தடுப்பு முகாமில் இருந்து விடுபட்டு வந்த மருமகனும் வருவான். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சொன்னவரின் பெயரை அவர் தீர்மானிக்கட்டும், மற்ற எல்லாரையும் நீங்கள் மறைக்க வேண்டும். இதைப் பதிவு தொடங்க முன்னமே அவருக்கு விளங்கும்படி சொல்லிவிடுங்கள்.

நேரே ஆளைக் காட்டுபவை

எழுத்தாக்கியதை ஒருமுறை முழுக்க வாசித்து, ஆளை நேரே காட்டுகிற எல்லாவற்றையும் நிறமிட்டுக் குறியுங்கள். பெயர், பட்டப்பெயர், இயக்கப் பெயர் (போராளியாக இருந்தபோது வைத்த பெயர்), போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், காணி அனுமதிப்பத்திர இலக்கம், வாகன இலக்கம், வங்கிக் கணக்கு, முகாமில் இருந்தபோது கிடைத்த வலயம், கூடார இலக்கம், காணாமல் போனோர் அலுவலகத்துக்குக் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம். இயக்கப் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறந்த பெயரைவிட அதைத்தான் நிறையப் பேருக்குத் தெரியும்.

அடையாள அட்டை இலக்கத்தை அரைவாசி மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். 68540 என்று தொடங்கினால், 1968 பெப்ரவரி 9 பிறந்த ஒரு பெண் என்று எவரும் சொல்லிவிடலாம். புதிய 12 இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். கடைசி நான்கை மறைத்துவிட்டு முன்பக்கத்தை விடுவது பிறந்த நாளை அச்சடித்துக் கொடுப்பதற்குச் சமம். முழுவதையும் எடுங்கள்.

போன் இலக்கத்தைத் தேட, 07 என்று தொடங்கும் பத்து இலக்கத்தையும் 94 என்று தொடங்குவதையும் தேடுங்கள். இடையில் இடைவெளி, சின்னக் கோடு விட்டு எழுதியிருப்பார்கள். பதிவில் ஆட்கள் இலக்கத்தை வாயால் சொல்வதால் "சைபர் ஏழு ஏழு" என்று சொல்லாகவும் கிடக்கும். அதைக் கண்ணால் வாசித்துத்தான் பிடிக்கலாம்.

இனிப் பெயர்கள். தமிழில் பெயரைத் தேடி மாற்றுவது லேசு இல்லை. ஆங்கிலத்தைப்போலப் பெரிய எழுத்து எங்களுக்குக் கிடையாது, பெயரும் சாதாரணச் சொல்லும் ஒரே மாதிரி நிற்கும். மலர் என்ற பெயரைக் கம்ப்யூட்டரில் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் "மலர்ந்தது" எல்லாம் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அதோடு வேற்றுமை உருபு ஏறினால் பெயரின் வால் மாறும். மாணிக்கம் என்று தேடினால் மாணிக்கத்தின்ர, மாணிக்கத்திட்ட, மாணிக்கத்தார், மாணிக்கண்ணை ஒன்றும் அகப்படாது. "மாணிக்க" என்று வெட்டித் தேடுங்கள், எல்லாம் வரும். மாங்குளத்துக்கும் அப்படித்தான், "மாங்குள" என்று தேட வேண்டும்.

எழுத்துக்குள்ளும் சிக்கல் இருக்கிறது. கௌரி என்று தேடினால், க, கொம்பு, ள என்று பிரித்து ரைப் செய்த கெளரி வராது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. பழைய பைல்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. இல்லாவிட்டால் தேடல் ஒன்றும் இல்லை என்று சொல்லும், பெயர் அங்கேயே இருக்கும்.

எதை வைத்து மாற்றுவது? "ஆண் 3", "பெண் 5" என்று போடலாம். ஆனால் "ஆண் 3 ஆண் 4 காசு குடுத்தவர்" என்று வந்தால் யார் யாருக்குக் கொடுத்தது? நீண்ட கதைகளுக்கு நான் வேறு பெயரே வைக்கிறேன், அதுவும் அதே முடிவுள்ள பெயராக. மாணிக்கத்துக்கு ரத்தினம் வைத்தால் மாணிக்கத்தின்ர எல்லாம் ரத்தினத்தின்ர ஆகிவிடும், வசனம் உடையாது. வேறு பெயர் வைப்பதில் இன்னொரு நன்மை: தவறி ஒரு உண்மைப் பெயர் தங்கிவிட்டாலும் அது மாற்றின பெயர்களோடு கலந்துவிடும், வாசிக்கிறவருக்கு எது உண்மை என்று தெரியாது.

வைக்கும் பெயர் அந்தத் தலைமுறையோடும் சமயத்தோடும் பொருந்த வேண்டும். எழுபது வயது ஆச்சிக்குச் செல்லம்மா பொருந்தும், தர்ஷிகா பொருந்தாது. மடுப்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்குச் சைவப் பெயர் வைத்தால் கதையே பொய்யாகிவிடும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பெயர்களையும் யாழ்ப்பாணப் பெயர்களாக்கிவிடாதீர்கள், அவர்கள் வரலாறு தொகுப்பில் இருந்தே மறைந்துபோகும். தகப்பனின் பெயரை மாற்றினால் பிள்ளைகளின் முதலெழுத்தையும் மாற்றுங்கள். "மா." என்ற முதலெழுத்து அப்படியே நின்றால் ரத்தினத்தின் பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று வாசிக்கிறவர் யோசிப்பார்.

கதை காட்டிக் கொடுப்பது

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். முதலில் வெளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் அரச ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். லட்டன்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டொலர் கொடுத்து கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கினார். அஞ்சல் குறியீடு, பிறந்த திகதி, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் இரண்டு பட்டியலிலும் பொருத்திப் பார்த்து, அந்த மாநில ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துவிட்டார். அந்த மூன்று விவரமும் சேர்ந்தால் அமெரிக்கர்களில் 87 வீதமானோரைத் தனித்தனியாகப் பிரித்துவிடலாம் என்று 2000ஆம் ஆண்டில் கணித்தவரும் அவர்தான்.

எங்களுக்கு வாக்காளர் பட்டியல் வாங்கத் தேவையில்லை. மரண அறிவித்தல் இருக்கிறது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், தாய் தகப்பன், கணவன் மனைவி, பிள்ளைகள், யார் கனடா, யார் சுவிஸ், மருமக்கள், சகோதரங்கள், இறந்த திகதி எல்லாம் ஒரே பக்கத்தில், எவரும் தேடக்கூடியதாக இணையத்தில் கிடக்கிறது. கோவில் திருவிழா நோட்டீசில் உபயகாரர் பட்டியல், பள்ளிக்கூட ஆண்டுமலர், பேஸ்புக்கில் ஊர்க் குழுமங்கள். உங்கள் கதையில் "நாலு சகோதரம், ஒருத்தி கனடாவில, அப்பா 2012இல செத்தவர்" என்று ஒரு வரி நின்றால் மரண அறிவித்தலே மிச்சத்தைச் சொல்லிவிடும்.

ஒரு துண்டை எடுத்து எப்படிச் செய்வது என்று காட்டுகிறேன். இது உதாரணத்துக்காக நான் கட்டிய கதை, ஒருவருடையதும் இல்லை.

"நான் விசுவமடுவில பிறந்தனான். அப்பா மாணிக்கம், குளக்கட்டடியில தேத்தண்ணிக் கடை வச்சிருந்தவர். தங்கச்சிக்கு ரெட்டைப் பொம்பிளைப் பிள்ளையள். அவவின்ர மனுசன் தபால் கந்தோரில வேலை. என்ர பெரியவனை இயக்கத்தில நிலவன் எண்டு கூப்பிடுவினம். 2009 பங்குனி 14 மாத்தளனில அவனைக் கடைசியாக் கண்டது. தங்கச்சி இப்ப கனடாவில. நான் இன்னும் நுண்கடன் கட்டிக்கொண்டு இருக்கிறன்."

பெயரை மட்டும் மாற்றினால் என்ன மிஞ்சும்? விசுவமடுவில் குளக்கட்டடித் தேத்தண்ணிக் கடை எத்தனை? தபால் கந்தோரில் வேலை செய்தவர் எத்தனை? இரட்டைப் பிள்ளைகள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் சில பேர் இருப்பார்கள். மூன்றும் சேர்ந்தால் ஒரே குடும்பம். அதனால் ஒவ்வொரு விவரத்தையும் ஒரு படி மேலே ஏற்றுங்கள்:

"நான் முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு குளத்தடி ஊரில பிறந்தனான். அப்பா ரத்தினம், சின்னக் கடை ஒண்டு வச்சிருந்தவர். தங்கச்சியின்ர மனுசன் அரசாங்க வேலை. என்ர பெரியவன் இயக்கத்தில இருந்தவன். 2009 பங்குனியில, கடற்கரைப் பக்கம் அவனைக் கடைசியாக் கண்டது. தங்கச்சி இப்ப வெளிநாட்டில. நான் இன்னும் கடன் கட்டிக்கொண்டு இருக்கிறன்."

இரட்டைப் பிள்ளைகள் போய்விட்டார்கள், ஏனென்றால் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை. ஆனால் "கடைசியாக் கண்டது" நிற்கிறது, கடன் நிற்கிறது. அந்த அம்மா சொல்ல வந்தது அதுதான். மறைக்கிறேன் என்று சொல்லி அதையும் வெட்டினால் தொகுப்பு எதற்கு?

எவ்வளவு தூரம் ஏற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மிஞ்சி நிற்கும் விவரங்கள் எல்லாம் சேர்ந்து குறைந்தது இத்தனை பேருக்காவது பொருந்த வேண்டும் என்று ஒரு எண்ணை முதலிலேயே தீர்மானிப்பது. ஸ்வீனியும் கூட இருந்தவர்களும் ஒழுங்குபடுத்திய முறை இது. என் அளவு ஐந்து குடும்பம். அந்தப் பகுதியில் இதற்குப் பொருந்தும் ஐந்து குடும்பத்தை மனதில் எண்ண முடியாவிட்டால் இன்னும் ஒரு விவரத்தைத் தளர்த்துவேன். போராளியாக இருந்தவர், பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று வந்தால் ஐந்து போதாது, இன்னும் மேலே போக வேண்டும்.

இடமும் நாளும்

அமெரிக்க மருத்துவத் தரவு விதிகளில், அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கத்தைக்கூட, அந்தப் பகுதியில் 20,000 பேருக்கு மேல் இருந்தால்தான் விடலாம். இதை எங்கள் இடத்தில் வைத்துப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதற்கும் ஒரு லட்சம் பேர் இல்லை. அதை ஆறு பிரதேச செயலாளர் பிரிவாகப் பிரித்தால் சராசரி 20,000ஐத் தொடாது. ஆகவே அதைவிடச் சின்னதான ஜீ.எஸ். பிரிவின் (கிராம சேவையாளர் பிரிவின்) பெயரை விடவே கூடாது. துணுக்காய், மாந்தை கிழக்கு போன்ற சின்னப் பிரிவுகளுக்குப் பிரதேச செயலாளர் பிரிவின் பெயரும் ஆபத்து, மாவட்டத்தோடு நிறுத்துங்கள். இடத்தின் பெயரை வேறு இடத்தின் பெயராக மாற்ற வேண்டாம். மாங்குளத்தில் நடந்ததை ஒட்டுசுட்டானில் நடந்ததாக எழுதினால், பிறகு வாசிக்கிறவர் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்.

திகதிக்கும் இதே நியாயம். மருத்துவப் பதிவுகளில் எல்லாத் திகதியையும் ஒரே அளவு நாள் முன்னே பின்னே தள்ளிவிடுவார்கள். அங்கே இரண்டு நிகழ்வுக்கும் இடையிலான நாட்கள்தான் முக்கியம் என்பதால் அது சரி. எங்கள் கதைகளில் அது பெரிய பிழை. கிளிநொச்சி 2009 ஜனவரி 2 இராணுவத்திடம் போனது, முல்லைத்தீவு நகரம் ஜனவரி 25. ஒரு திகதியை ஒரு மாதம் தள்ளினால், சனம் இல்லாத ஊரில் சனம் இருந்ததாகிவிடும், நடந்த ஷெல்லடி நடக்காததாகிவிடும். நாளை எடுத்துவிட்டு மாதத்தை விடுங்கள். அதுவும் ஆளைக் காட்டினால் "2009இன் முற்பகுதி" என்று எழுதுங்கள். 2004 சுனாமி, 1995 இடப்பெயர்வு போல எல்லாருக்கும் பொதுவான திகதியை மறைக்கத் தேவையில்லை.

பைலுக்குள் ஒளிந்திருப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பைலின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கும், மாற்றுங்கள். வேர்ட் பைலின் உள்விவரத்தில் ரைப் செய்தவர் பெயரும், பழைய திருத்தங்களைக் காட்டும் வசதியில் நீங்கள் அழித்த பெயர்களும் தங்கியிருக்கும். திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்ட பிறகு, வெறும் எழுத்தை மட்டும் புதிய பைல் ஒன்றில் ஒட்டிச் சேமித்தால் பழைய இரண்டும் போய்விடும், ஆனால் புதிய பைலில் சேமிக்கிறவரின் பெயர் ஏறும், அதையும் பாருங்கள். பீடிஎஃபில் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போடுவது பல வேளை மறைப்பே ஆகாது, கீழே இருக்கும் எழுத்தை இழுத்துக் கொப்பி எடுக்கலாம். போனில் எடுத்த படத்தில் எடுத்த இடம் பதிந்திருக்கலாம். குரலை மாற்ற முயல வேண்டாம், குரல் பதிவை வெளியே கொடுக்காமல் விடுங்கள். ஊர்க்காரருக்கு இருமல் சத்தமே போதும்.

இன்னொன்று, துப்புரவாக்காத கதையை இணையத்தில் இருக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு "பெயர்களை எடுத்துத் தா" என்று கேட்காதீர்கள். போட்ட உடனே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. இந்தச் செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிகள் தாம் படித்த எழுத்தைச் சிலவேளை மனப்பாடம் செய்து திருப்பிச் சொல்லும் என்பதும் தெரிந்த விஷயம். 2021இல் ஆய்வாளர்கள் ஜிபிடி-2 என்ற மொழி மாதிரியில் இருந்து உண்மையான ஆட்களின் பெயர், போன் இலக்கம், முகவரியை அப்படியே வெளியே எடுத்துக் காட்டினார்கள். உங்கள் தொகுப்பைப் பிறகு இப்படியான மாதிரிகளைப் பயிற்றுவதற்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வேலையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள்.

ஊராளை வைத்துச் சோதியுங்கள்

கொழும்பில் இருக்கும் ஒருவர் வாசித்து "ஆள் தெரியவில்லை" என்று சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை. அந்தப் பகுதியை அறிந்த, கதை சொன்னவர் நம்புகிற ஒருவரை, சொன்னவரின் சம்மதத்தோடு தெரிவு செய்து வாசிக்கக் கொடுங்கள். "ஆர் எண்டு தெரியுதோ?" என்று கேளுங்கள். தெரிந்தால் கோபிக்க வேண்டாம், "எந்த இடத்தில பிடிச்சனீங்கள்?" என்று கேட்டு அந்தச் சொல்லைக் குறியுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைக்காத ஒன்றாக இருக்கும்: மாட்டின் பெயர், வளவில் நின்ற மரம், அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சொல். பிறகு கதையில் மிஞ்சிய அபூர்வமான சொற்களைச் சேர்த்துக் கூகிளிலும் பேஸ்புக்கிலும் தேடிப் பாருங்கள்.

கடைசியாகச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்தாலும் நீங்கள் சத்தமாக வாசியுங்கள். எங்கே அவர் முகம் மாறுகிறதோ அங்கே நிறுத்திக் கேளுங்கள்.

திறப்பை எங்கே வைப்பது

எந்தப் பெயரை எதாக மாற்றினீர்கள் என்ற பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்கும், அதுதான் இந்தத் தொகுப்பின் திறப்பு (சாவி). அது இருக்கும்வரை உங்கள் தொகுப்பு முழுதாக அடையாளம் நீங்கியது இல்லை. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: திரும்பக் கண்டுபிடிக்கக்கூடியபடி பெயரை மாற்றிய எழுத்தும் தனிப்பட்ட தரவுதான். பாரிசில் இருந்து வேலை செய்கிற குழுக்கள் அதற்கும், லண்டனில் இருந்து வேலை செய்கிறவை பிரித்தானியாவின் அதே போன்ற சட்டத்துக்கும் கட்டுப்பட்டவை. இங்கேயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

பட்டியலைக் கதைகள் இருக்கும் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், எல்லாருக்கும் திறந்த கூகிள் டிரைவில் வைக்கவே வேண்டாம். கொப்பியில் கையால் எழுதி, தொகுப்போடு தொடர்பில்லாத ஒருவரின் பூட்டிய அலுமாரியில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இனித் தேவையில்லை என்று ஆனால் எரித்துவிடுங்கள். பதிவு செய்த போனில் இருக்கும் மூலப் பதிவையும், வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியதையும், அதன் காப்புப் பிரதியையும் சேர்த்து அழிக்க வேண்டும். பெடியள் புதிய போன் வாங்கினால் பழையது தம்பிக்குப் போகும், பதிவும் கூடவே போகும்.

தனியாக இன்னொரு தாளில், எந்தக் கதையில் என்ன வகை மாற்றம் செய்தீர்கள் என்று பெயர் சொல்லாமல் எழுதி, தொகுப்போடு சேர்த்துக் கொடுங்கள்: ஊர் மாவட்டமாக்கப்பட்டது, நாள் நீக்கப்பட்டது, தொழில் பொதுவாக்கப்பட்டது. பின்னால் வருகிற ஆய்வாளர் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அதைப் பார்த்து அறிவார். கதை சொன்னவரின் கையிலும் ஒரு துண்டு இருக்கட்டும். அதில் அவருடைய கதையின் இலக்கமும், எடுத்துவிடச் சொல்ல வேண்டுமென்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.